பேப்பரை ஒளித்து வைத்த 11 நாட்கள்: வன்னி மாணவி ஒருத்தி பற்றிய நிகழ்வு ஆய்வு

இலங்கையின் வடக்கில், பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனால், உள்ளே இறங்கும் கிறவல் ஒழுங்கைகள் பல வரும். அவற்றில் ஒன்றின் முடிவில் இருக்கும் சனசமூக நிலையத்தில் கிழமைக்கு மூன்று பின்னேரம் நான் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறிய பிள்ளைகளுக்கான வகுப்பு அது. காசு வாங்குவதில்லை.

அங்கு வந்த ஒரு பிள்ளையின் ஒரு வருடத்தை இங்கே எழுதுகிறேன். அவளுக்கும் தாய்க்கும் வாசித்துக் காட்டி, சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன். வீட்டில் அவளை ‘மூத்தவள்’ என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

பின்னணி

மூத்தவள் 2006இல் பிறந்தவள். 2009இன் தொடக்கத்தில் தகப்பன் போய்விட்டார். மூன்று வயதில் தாயோடும் கைக்குழந்தைத் தம்பியோடும், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்தவள். மீளக் குடியேறிய பிறகு தாய் கச்சான் தோட்டம் செய்தும், மற்றவர்களின் வயலில் கூலிக்கு நின்றும் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார்.

பழைய கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பிள்ளையின் கணக்கு ஏன் தவறியது என்பது விளங்காது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டபோது அவள் தரம் 9. அட்சரகணிதம் அத்திவாரம் போடுகிற ஆண்டு அது. வீட்டில் ஒரு போன், அதுவும் தாயுடையது. வட்ஸ்அப்பில் பாடக் குறிப்புகளைப் படம் எடுத்து அனுப்புவார்கள். குளக்கட்டில் ஏறினால்தான் சிக்னல் வரும். வந்த படத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவாள். தரம் 10இலும் பாதி அப்படியே போனது. 2022இல் எண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை, பஸ் இல்லை. வெளியில் இருந்து வரும் ஆசிரியர்கள் வர முடியாமல் போன நாட்கள் கணக்கில்லை. அவள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு தவணை முழுக்க நிரந்தரக் கணித ஆசிரியர் இருக்கவில்லை.

2022ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சை 2023 மே மாதம்தான் நடந்தது. பெறுபேறு அந்த வருட நவம்பர் முடிவில் வந்தது. மற்றப் பாடங்களில் சித்தி. கணிதத்தில் டபிள்யூ, அதாவது சித்தியில்லை.

எங்கள் வகுப்புக்கு வருவதற்கு முன் அவளுக்கு ஒரு பழைய வினாத்தாளைக் கொடுத்து, செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தேன். சரிபார்த்துப் புள்ளி போட, சரியான விடைகள் உள்ள தாளையும் கூடவே கொடுத்திருந்தேன். 11 நாட்கள் ஆளைக் காணவில்லை. பன்னிரண்டாம் நாள் தாய்தான் கூட்டிக்கொண்டு வந்தார். வினாத்தாள் அரிசி மூட்டைக்கு அடியில் இருந்ததாம். 22 புள்ளி.

“ரீச்சர், இவளின்ர தேப்பன் கணக்கில கெட்டி. கடையில நிண்டு மனக்கணக்கில சொல்லிப்போடும் அந்த மனுசன். இவள் என்னை மாதிரி. ஏறாது.”

மூத்தவள் நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “கணக்கு எனக்கு வராது ரீச்சர்” என்றாள். கோபமோ அழுகையோ அந்தக் குரலில் இல்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

நான் விட்ட பிழைகள்

முதல் மூன்று கிழமையை நான் வீணாக்கினேன். அதை மறைத்து எழுதினால் இந்த ஆய்வால் யாருக்கும் பலன் இல்லை.

முதல் பிழை, “இன்னும் கொஞ்சம் முயற்சி செய் பிள்ளை” என்று சொன்னது. அதற்கு அவள் சொன்ன பதில்: “நான் விடிய நாலு மணிக்கு எழும்பிறன் ரீச்சர்.” கொப்பிகளைக் கொண்டுவந்து காட்டினாள். ஐந்து கொப்பிகள். கரும்பலகையில் ஆசிரியர் செய்து காட்டிய கணக்குகளை அழகான கையெழுத்தில், சிவப்புப் பேனையால் கோடிட்டு, திரும்பத் திரும்ப எழுதியிருந்தாள். ஒரே கணக்கு நான்கு தடவை. தானாகச் செய்த கணக்கு ஒன்றுகூட அதில் இல்லை.

அந்தப் பிள்ளையிடம் முயற்சிக்குக் குறைவில்லை. முயற்சி முழுவதும் பார்த்து எழுதுவதில் கரைந்துகொண்டிருந்தது. “நீங்கள் சொல்லித்தரேக்க விளங்குது, வீட்ட போய்ச் செய்யேக்க வரேல்ல” என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். அதற்குக் காரணம் இதுதான். பார்த்த விடையை மறுபடி பார்க்கும்போது, தெரிந்தது போலவே இருக்கும். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு வாசிப்புப் பந்திகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் பந்தியை மூடிவைத்து, நினைவில் இருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்ப வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது மூடிவைத்து எழுதியவர்களுக்கே கூட நினைவிருந்தது. மூத்தவளின் ஐந்து கொப்பிகளும் அந்த முதல் ஐந்து நிமிடத்துக்கான கொப்பிகள்.

இரண்டாவது பிழை, இன்னும் நல்ல எண்ணத்தோடு செய்தது. ஒரு நாள் அவள் ஒரு சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தாள். “பார்த்தியே, நீ கெட்டிக்காரி!” என்றேன். முகம் மலர்ந்தது. அடுத்த இரண்டு வகுப்பிலும் அதே வகைக் கணக்கை மட்டும் செய்துகொண்டிருந்தாள். கடினமானதைக் கொடுத்தால், “இதை நாளைக்குச் செய்யிறன்” என்றாள். கெட்டிக்காரி என்ற பெயர் கையில் கிடைத்தவுடன், அதை இழக்கப் பயந்துவிட்டாள்.

கரோல் டுவெக் என்ற அமெரிக்க உளவியலாளரும் குளோடியா முல்லரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் இது அப்படியே இருக்கிறது. ஐந்தாம் தரப் பிள்ளைகளில் சிலரின் புத்தியைப் பாராட்டினார்கள், சிலரின் உழைப்பைப் பாராட்டினார்கள். பிறகு எல்லாருக்கும் கடினமான புதிர்களைக் கொடுத்துச் சறுக்கவிட்டார்கள். புத்திக்குப் பாராட்டு வாங்கிய பிள்ளைகள் அதற்குப் பிறகு முன்னைவிட மோசமாகச் செய்தார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்கள் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள். ஆற்றல் பிறப்பிலேயே தீர்மானமாகிவிட்ட ஒன்று என்று நினைப்பதை நிலைத்த மனப்பாங்கு என்றும், பழகப் பழக வளரும் என்று நினைப்பதை வளர்ச்சி மனப்பாங்கு என்றும் டுவெக் பிரித்துச் சொல்கிறார். நான் பயிற்சிப் பட்டறைகளில் இதைக் கேட்டிருக்கிறேன், குறிப்பும் எடுத்திருக்கிறேன். ஆனாலும் வாய் தன்பாட்டில் “கெட்டிக்காரி” என்றுவிட்டது. எங்கள் ஊர்களில் பிள்ளையை அப்படித்தான் பாராட்டுவோம், “மொக்கு” என்று அப்படித்தான் ஏசுவோம். இரண்டும் பிள்ளையின் மண்டையைப் பற்றிய தீர்ப்புகள்.

ஒரு கழித்தல் குறி

நான்காம் கிழமை அவளது மூன்று வினாத்தாள்களை எடுத்து, பிழைத்த ஒவ்வொரு இடத்தையும் தனியாகப் பிரித்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். எல்லாம் பிழை என்று தோன்றிய தாள்களில், அரைவாசிக்கு மேற்பட்ட பிழைகள் இரண்டே இடங்களில் இருந்து வந்தன. ஒன்று, அடைப்புக்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறி. மற்றது பின்னங்களின் பொது மடங்கு.

பின்னேரம் மற்றப் பிள்ளைகள் போன பிறகு அவளை இருத்தி, இந்தக் கணக்கைக் கொடுத்தேன்: 5 − 2(எக்ஸ் − 3) = 1.

எழுதினாள்: 5 − 2எக்ஸ் − 6 = 1. விடை: எக்ஸ் = −1.

“சரியோ பிழையோ?”

“தெரியேல்ல ரீச்சர். நீங்கள்தான் சொல்லோணும்.”

“நான் சொல்லமாட்டன். கணக்கே சொல்லும். எக்ஸ் இருக்கிற இடத்தில −1ஐப் போட்டுப் பார்.”

போட்டாள். −1இல் 3ஐக் கழித்தால் −4, அதை 2ஆல் பெருக்கினால் −8, 5இல் இருந்து −8ஐக் கழித்தால் 13. மறுபக்கத்தில் 1. கொஞ்ச நேரம் 13ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள். விடையைத் தானே சோதிக்கலாம் என்பது பதினொரு வருடப் படிப்பில் அவளுக்கு யாரும் காட்டாத ஒன்று. சரி பிழை எல்லாம் சிவப்புப் பேனையோடு வெளியில் இருந்து வரும் என்றே அவள் இருந்திருக்கிறாள்.

பிறகு கடைக்குப் போனோம், தாளில்தான். “500 ரூபா கொண்டு போறாய். இரண்டு போத்தல் சோடா. ஒரு போத்தல் 200 ரூபா. வெறும் போத்தல் குடுத்தா ஒண்டுக்கு 30 ரூபா கழிவு. எவ்வளவு மிச்சம்?”

“160” என்றாள் உடனே. தேப்பனின் மனக்கணக்கு.

“இப்ப நீ செய்த மாதிரிச் செய்வம். 500 − 400 − 60. மிச்சம் 40. கடைக்காரர் 40 ரூபா தந்தா வாங்கிக்கொண்டு வருவியோ?”

“சண்டை பிடிப்பன்.”

“ஏன்?”

“கழிவுக் காசு எனக்கெல்லோ திரும்பி வரோணும்…” என்று தொடங்கியவள் நிறுத்தினாள். பேனையை எடுத்து, தன் பழைய வரியில் இருந்த −6இன் மேல் நிலைக்குத்தாக ஒரு கோடு போட்டாள். கழித்தல் கூட்டலானது. 5 − 2எக்ஸ் + 6 = 1. எக்ஸ் = 5. நான் சொல்லாமலே 5ஐத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். 1 வந்தது.

அன்று நான் பாராட்டவில்லை. “எந்த இடத்தில மாத்தினனீ?” என்று மட்டும் கேட்டேன். கடைக் கழிவைச் சொல்லி விளங்கப்படுத்தினாள். பிறகு பழைய மூன்று வினாத்தாள்களையும் தானே இழுத்தெடுத்து, இதே பிழை வேறெங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினாள். இருட்டிவிட்டது, தம்பி சைக்கிளோடு வாசலில் வந்து நிற்கிறான், இவள் எழும்பவில்லை.

இந்த ஒரு வருடத்தில் நான் கண்டது முக்கியமாக இதுதான்: “உன்னால் முடியும்” என்று நான் சொன்ன எந்தச் சொல்லும் அவளை அசைக்கவில்லை. தன் பிழைக்கு ஒரு இடம் இருக்கிறது, அது திருத்தக்கூடிய அளவு சின்னது என்று தன் கண்ணால் கண்ட பிறகுதான் நம்பிக்கை வந்தது.

அழிறப்பர்

அவளும் தம்பியும் ஒரு அழிறப்பரைப் பாதியாக வெட்டிப் பங்கு போட்டிருந்தார்கள். அவளுடைய பாதி நூலில் கட்டிக் கொம்பாசுப் பெட்டியில் தொங்கும். பிழைத்தால் தாள் ஓட்டை விழும்வரை தேய்ப்பாள். தன் பிழையை வேறு யாரும், தானும்கூட, பார்க்கக்கூடாது.

வகுப்பில் அழிறப்பரை நிறுத்தினேன். பிழைத்தால் ஒரு கோடு, பக்கத்தில் திருத்தம். ‘பிழைக் கொப்பி’ என்று ஒரு கொப்பியும் தொடங்கினோம். என்ன செய்தேன், எங்கே பிழைத்தது, அடுத்தமுறை எதைப் பார்ப்பேன் என்று மூன்று நிரல். வகுப்பின் முதல் பத்து நிமிடம் ஒவ்வொருவரும் அந்தக் கிழமை விட்ட பிழை ஒன்றைக் கரும்பலகையில் எழுத வேண்டும். ஐந்து பிள்ளைகள். முதல் இரண்டு கிழமை ஒருவரும் எழும்பவில்லை. நான் என் பிழைகளை எழுதினேன். மூன்றாம் கிழமை ஒரு பையன் எழும்பி, பின்னத்தில் மேலையும் கீழையும் கூட்டிவிட்டதைப் போட்டான். மூத்தவள், “நானும் உதைத்தான் செய்தனான்” என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பத்து நிமிடம் போதாமல் போனது.

கூட்டாளிகள் எவ்வளவு முக்கியம் என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. 2019இல் நேச்சர் சஞ்சிகையில் வந்த ஒரு பெரிய ஆய்வு, அமெரிக்காவில் 12,000க்கு மேற்பட்ட ஒன்பதாம் தர மாணவர்களுக்கு வளர்ச்சி மனப்பாங்கு பற்றி ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான இணையவழிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. பின்தங்கிய பிள்ளைகளின் தரப்புள்ளிச் சராசரி (அதன் உச்சம் ஏறத்தாழ 4) 0.1 அளவில் உயர்ந்தது. சின்ன உயர்வுதான். சகபாடிகள் கடினமானதை விரும்பிச் செய்கிற பள்ளிக்கூடங்களில் பலன் கூடுதலாக இருந்தது. மனப்பாங்கை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தச் சின்ன எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்தில், பஸ் வராத ஊரில், பிள்ளையின் மனப்பாங்கைக் குறை சொல்வது அநியாயம்.

இன்னொன்றும் மனதில் கிடந்து உறுத்துகிறது. 1996இல் கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் போன பிள்ளைகளில் நானும் ஒருத்தி. மரத்தடியில் வகுப்பு, ஜாம்போத்தல் விளக்கில் படிப்பு. “நாங்கள் ஜாம்போத்தல் விளக்கில படிச்சனாங்கள், உங்களுக்கு என்ன குறை” என்று எங்கள் தலைமுறை இன்றைய பிள்ளைகளைக் கேட்கிறது. அந்த விளக்கில் படித்துத் தேறியவர்களைத்தான் எண்ணுகிறோம். விட்டுவிட்டுப் போன என் வகுப்புப் பிள்ளைகளை யார் எண்ணியது? தேறிய எனக்கும், இரவில் சைக்கிளில் வந்து கொப்பி பார்த்த ஒரு ரீச்சர் இருந்தார். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த எமி வேர்னரும் இதையே கண்டார். வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக எழுந்து நின்றார்கள். அவர்களில் பலருக்கு, பெற்றோர் அல்லாவிட்டாலும், கைவிடாத பெரியவர் ஒருவராவது பக்கத்தில் இருந்தார். மீண்டெழும் திறன் பிள்ளையின் நெஞ்சுக்குள் மட்டும் இருக்கும் சரக்கு என்று நான் நினைக்கவில்லை.

பெப்ரவரி

காலபோக அறுவடை வந்தது. மூத்தவள் இரண்டு கிழமை வரவில்லை. தாயோடு கூலிக்குப் போனாள். நுண்கடன் காசு கட்ட வேண்டிய கிழமைகள் அவை. திரும்பி வந்தபோது ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தேன். 31 புள்ளி. சித்திக்கு 35 வேண்டும்.

நான்கு நாள் காணவில்லை. ஐந்தாம் நாள் தனியாக வந்தாள். “நான் சொன்னனான்தானே ரீச்சர்.”

மனம் சோர்ந்துதான் போனது, எனக்கும். ஆனால் தாளை விரித்துப் பார்த்தபோது, கழித்தல் குறிப் பிழை ஒன்றுகூட இல்லை. பின்னத்தில் ஒன்று. இப்போது வேறொன்று தெரிந்தது: மூன்று மணித்தியாலத் தாளில் முதல் நான்கு கணக்குகளிலேயே பாதி நேரத்தைக் கழித்திருந்தாள். கேத்திரகணிதப் பக்கத்துக்கு வந்துசேரவே இல்லை. ஒவ்வொரு விடையையும் மூன்று தடவை சோதித்திருந்தாள். நான் பழக்கிய பழக்கம்தான் அது. அதைச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எந்தக் கணக்கைச் சோதிப்பது, எதை விட்டுவிட்டு நகர்வது என்று ஏப்ரல் முடியும்வரை மணிக்கூடு வைத்துப் பழகினோம்.

அந்த நாட்களில்தான் அவளின் பேச்சில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். வட்டத் தேற்றம் ஒன்றில் தடக்கி நின்றவள், “இது எனக்கு இன்னும் வரேல்ல” என்றாள். டிசம்பரில் அவள் சொன்னது “வராது”. ஆங்கிலத்தில் இதற்கென்று ‘யெட்’ (இன்னும்) என்ற தனிச் சொல்லைச் சேர்க்கப் பழக்குகிறார்கள். எங்கள் பேச்சில் அது வினையிலேயே இருக்கிறது. வராது என்றால் கதவு பூட்டியாயிற்று. வரேல்ல என்றால் வரவேண்டியது வழியில் எங்கோ நிற்கிறது. நான் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பிழைக் கொப்பி பாதி நிரம்பிய பிறகு அது தானாக வந்தது.

தாயிடமும் ஒரு நாள் பேசினேன். முற்றத்தில் கச்சான் நிறுத்து, மூட்டைக்கு இத்தனை கிலோ, சாக்குக்கு இவ்வளவு கழிவு, வியாபாரி முன்னமே தந்த காசு போக மிச்சம் எவ்வளவு என்று தாளில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். வியாபாரியின் கல்குலேற்றரும் அதையே காட்டியது. “பிள்ளை உங்களை மாதிரி எண்டு சொன்னியள். சரியாத்தான் சொல்லியிருக்கிறியள்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. கச்சானைக் கையால் அளைந்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். “இதைக் கணக்கெண்டு நான் நினைக்கேல்ல ரீச்சர்” என்றார்.

பெறுபேறும் அதற்குப் பிறகும்

2024 மே மாதம் இரண்டாம் தடவை எழுதினாள். செப்டெம்பர் முடிவில் பெறுபேறு. கணிதத்தில் எஸ், அதாவது சாதாரண சித்தி. வகுப்பில் இருந்த ஐவரில் மூவர் சித்தியடைந்தார்கள். மற்ற இருவரில் ஒருவன் திரும்ப வந்துகொண்டிருக்கிறான். ஒருத்தி ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாள். அவளின் பிழைக் கொப்பி என்னிடம் இருக்கிறது.

ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் எதையும் நிறுவ முடியாது. ஆனால் இப்போது என் வகுப்பில் ஒரு விடயத்தைக் குறித்து வைக்கிறேன்: ஒரு பிள்ளை குறைந்த புள்ளி எடுத்தால், அந்தத் தாளை எத்தனை நாளில் என்னிடம் கொண்டுவருகிறது. புள்ளியைவிட அந்த எண்ணையே கூடுதலாகப் பார்க்கிறேன். மூத்தவளுக்கு டிசம்பரில் 11 நாள், அதுவும் தாய் கூட்டி வந்து. பெப்ரவரியில் 4 நாள்.

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு எடுத்தாள். கணக்கீடு கடினம், எல்லாருக்கும் கடினம். நவம்பரில் முதல் தவணைப் பரீட்சையில் 27 எடுத்தாள். அன்று பின்னேரம் நல்ல மழை, ஒழுங்கையில் முழங்கால் தண்ணி. வகுப்புக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று கதவைச் சாத்த எழும்பினேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வினாத்தாளை ஷொப்பிங் பைக்குள் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தாள்.

மேசையில் விரித்து, ஒரு இடத்தில் விரலை வைத்தாள். பெறுமானத் தேய்வுக் கணக்கு. ஏற்கனவே பேனையால் வட்டம் போட்டிருந்தாள்.

“எங்க பிழைச்சதெண்டு கண்டுபிடிச்சிட்டன் ரீச்சர். ஏன் பிழைச்சதெண்டு இன்னும் விளங்கேல்ல.”

லாம்பைக் கொளுத்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.